பெரியப்பாவோட சுங்கான்: மூணு கட்டைல ஒரு பைப்பு

மொதல்லயே சொல்லிடறேன், நான் ஆச்சாரியும் இல்ல, புகைக்கிறவனும் இல்ல. காட்பாடில உக்காந்து கம்ப்யூட்டர்ல கணக்கு பாக்குற ஆளு. பொங்கலுக்கு கணியம்பாடி பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தப்ப அவர் திண்ணையில பைப்ப கடிச்சினு உக்காந்திருந்தாரு. வாயில வைக்கிற கறுப்பு தண்டு கடிச்சி கடிச்சி ஓட்டை விழுந்து, அதுமேல கரண்டு வேலைக்கு சுத்துற டேப்ப சுத்தி வச்சிருந்தாரு. புகையிலை போடுற கிண்ணம் ஒரு பக்கம் உள்ள தீஞ்சு தீஞ்சு, வெளிய எட்டணா காசு அளவுக்கு கருந்திட்டு வந்துடுச்சி. பட்டாளத்துல இருந்தப்ப வாங்குனதாம், நாப்பது வருஷத்துக்கு மேல ஆகுது.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரே ஒரு தடவ தான் பத்த வைக்கிறாரு, மத்த நாள்ல வெறும் பைப்பு தான். அதையும் விட்டுடுங்கன்னு பெரியம்மா, டாக்டர், நான்னு எல்லாரும் சொல்லிப் பாத்து தோத்துட்டோம். நான் புகைய உள்ள இழுக்கறதே இல்லடாம்பாரு. வாய்ப்புற்றுநோய் அதெல்லாம் கணக்குல எடுத்துக்காதுன்னு அவருக்கும் தெரியும். அந்த சண்டை தனி, அத இங்க இழுக்கல.

புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டுத் தரேன் பெரியப்பான்னேன். "கடையில வாங்குறதுக்கு நீ எதுக்குடா, எனக்கு கை இல்லயா"ன்னாரு. அந்த ரோஷத்துல தான் நானே செஞ்சு தரேன்னு வாய விட்டேன். ஜனவரில சொன்னது, ஆகஸ்ட்ல தான் முடிஞ்சது, நடுவுல ரெண்டு கட்டை அடுப்புக்குப் போச்சு. எது எங்க எதனால கெட்டுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அத வச்சு தான் இத எழுதறேன்.

மரத்துல இருந்து ஆரம்பிக்கறேன். பைப்புன்னாலே உலகம் பூரா பிரையர் கட்டை தான். மத்தியதரைக் கடலச் சுத்தி வளர்ற எரிகா ஆர்போரியான்னு ஒரு புதர்ச்செடி, அதோட தண்டும் வேரும் சேர்ற எடத்துல மண்ணுக்குள்ள முண்டு மாதிரி பருத்து வளரும், அந்த முண்ட வெட்டி, தண்ணியில மணிக்கணக்கா வேகவச்சு சாறு எறக்கி, மாசக்கணக்குல காயப்போட்டு அப்புறம் தான் விப்பாங்க. அடர்த்தி ஜாஸ்தி, சூடு தாங்கும், சீக்கிரத்துல தீயாது. பிரான்ஸ்ல சான் க்ளோத்னு ஒரு ஊரு 1850கள்ல இருந்தே இதுக்குப் பேர் போனது. வேலூர்ல அதுக்கு எங்க போறது. ஆன்லைன்ல ஒரு கட்டையோட வெலையும் கூரியரும் பாத்தேன், அந்த காசுக்கு ரெடி பைப்பே வாங்கிடலாம். அப்படி வாங்கினா பெரியப்பா சொன்னது சரின்னு ஆயிடும்.

தேடிப் பாத்தா அமெரிக்காவுல மெஸ்கீட்னு ஒரு மரத்துலயும் பைப்பு செதுக்கறாங்கன்னு தெரிஞ்சது. யாருடா இந்த மெஸ்கீட்னு பாத்தா, நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி! ரெண்டும் ஒரே பேரினம், ரொம்ப காலமா புரோசோபிஸ்னு தான் அதுக்குப் பேரு. 1870கள்ல வெறகுக்காக நம்ம பக்கம் கொண்டாந்து விதைச்சது, இன்னிக்கு பாலாத்துல தண்ணிய விட அது தான் அதிகம். கட்டை இரும்பு மாதிரி இருக்கும், ரொம்ப சுருங்காது, கோணாது, கரி போட்டா நல்லா நின்னு எரியும். நம்ம ஊர்ல அத மரம்னே யாரும் மதிக்கறதில்ல, அது வேற விஷயம். ஒண்ணு மட்டும் முக்கியம், பைப்புக்கு எந்த மரமா இருந்தாலும் சரின்னு எடுத்துடக் கூடாது. அரளி மாதிரி விஷ ஜாதி பக்கமே போகக் கூடாது, வேம்பு கசந்து தொலைக்கும், பேர் தெரியாத மரம்னா அப்படியே கீழ வச்சிடணும், அந்த சூடும் புகையும் மனுஷன் வாய்க்குள்ள போற விஷயம்.

விரிஞ்சிபுரம் பக்கம் வெட்டிப் போட்ட குவியல்ல தொடை கனத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்குனேன், முள்ளு கால்ல ஏறுனது தான் மிச்சம், காசு வாங்கல. எடுத்துனு நேரா சத்துவாச்சாரி. எங்க வீட்டுக் கதவு செஞ்ச ஆச்சாரி பட்டறை அங்க தான்.

"இன்னா தம்பி, வெறகுக் கட்டைய தூக்கினு வந்துகீற?"

"சுங்கான் செய்யணும் ஆச்சாரி."

அவரு கொஞ்ச நேரம் கட்டையையே பாத்தாரு. சிரிக்கல. ரம்பத்த எடுத்து ஒரு முனைய அறுத்துட்டு கட்டை விரல எச்சி தொட்டு தேச்சாரு. நடுவுல கரும்பழுப்பு, சுத்தி வெளுத்த மஞ்சள்ல ஒரு வளையம். "இந்த வெள்ளைய எடுத்துடு, பூச்சி அடிக்கும். சேகு மட்டும் எட்த்துக்கோ. நல்லா வைரம் பாஞ்சி தான் கீது"ன்னாரு. சேகுன்னா நடுவுல இருக்கற அந்த கரும்பழுப்பு. அதோட இன்னொண்ணும் சொன்னாரு, அத நான் காதுல வாங்கல. அது தான் மொத கட்டையோட கதை.

மொத கட்டை. சேகு மட்டும் எடுத்தேன், சரி தான். ஆனா துண்டோட நட்ட நடுவுல இருந்து எடுத்தேன், பாக்க ஒரே கலரா அழகா இருந்துச்சின்னு. பிப்ரவரி கடைசி, சீக்கிரம் காயட்டும்னு மொட்டை மாடில வெயில்ல வச்சேன். பத்தே நாளு. ஞாயித்துக்கிழமை காலைல போய் பாத்தா ஒரு முனையில நடுப்புள்ளில இருந்து சைக்கிள் வீல் கம்பி மாதிரி மூணு வெடிப்பு, அதுல ஒண்ணுல பஸ் டிக்கெட் சொருகலாம். ஆச்சாரி அன்னிக்கே சொன்னது இது தான், "நெஞ்ச விட்டுட்டு எடு, நெழல்ல போடு." நெஞ்சுன்னா மரத்தோட நட்ட நடு மையம். மரம் காயும்போது எல்லா பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, மையத்துல இருந்து வெளிய போற தெசையில சுருங்கறத விட வளையத்தோட போக்குல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சுருங்கும். மையம் கட்டைக்கு உள்ளயே இருந்தா சுத்தி இறுகற வளையத்துக்கு வேற வழி இல்ல, கிழிஞ்சு தான் ஆகணும். இது போதாதுன்னு வெட்டு முனை வழியா ஈரம் ரொம்ப வேகமா போகும், நான் அத வெயில்ல வேற வச்சேன்.

அதே துண்டுல நெஞ்ச விட்டு ஓரமா ரெண்டு கட்டை அறுத்தேன், 90க்கு 50க்கு 38 மிமீ. ரெண்டு முனையிலயும் மெழுகுவர்த்திய உருக்கித் தடவி, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். சமையக்கட்டு டிஜிட்டல் தராசுல ஞாயித்துக்கிழமை தவறாம எடை போட்டேன், வீட்ல ஒரு மாதிரி தான் பாத்தாங்க. மூணாவது கட்டையோட கணக்கு மட்டும் சொல்றேன்: மார்ச் மொத வாரம் 182 கிராம், மாச கடைசில 168, ஏப்ரல் முடியறப்ப 156, மே முடியறப்ப 148. அக்னி நட்சத்திரத்துல வேலூர் வெயிலுக்கு கட்டிலுக்கு அடியிலயே காஞ்சிடுச்சி. ஜூன் நடுவுல 146, அப்புறம் மூணு வாரம் 146 தான், ஒரு கிராம் அசையல. எடை அசையாம நின்னா தான் காஞ்சதுன்னு அர்த்தம், தட்டிப் பாத்து சத்தத்துல சொல்ற அளவுக்கு எனக்கு காது இல்ல.

ரெண்டாவது கட்டைல நடந்தது முழுக்க என் தப்பு, யார் மேலயும் போட முடியாது. எனக்கு உருவம் தான் முக்கியம்னு நெனப்பு. படம் பாத்து படம் பாத்து, கிண்ணம் உருண்டையா, தண்டு மெலிசா, ராஸ்ப் அரத்தால மூணு சாயந்திரம் இழுத்து இழுத்து ஜம்முனு கொண்டாந்துட்டேன். கை பூரா கொப்புளம். போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி லைக் வாங்கியாச்சு. அப்புறம் தான் ஓட்டை போட உக்காந்தேன். உருண்டையா ஆன சாமான வைஸ்ல எப்படிப் பிடிக்கிறது? துணி சுத்தி பிடிச்சேன், நழுவுச்சி. கை டிரில்லுல 4 மிமீ பிட்டு, பாதி தூரம் போனதும் லேசா ஒரு பக்கம் இழுக்கற மாதிரி இருந்துச்சி, ரேகை ஒரு எடத்துல சுழிச்சிருக்கு போல, அது போற போக்குல பிட்டும் வளைஞ்சிருக்கு. நான் அமுக்குனேன். தண்டுக்கு கீழ்ப்பக்கமா, என் எடது கை ஆள்காட்டி விரலுக்கு ஒரு நூல் தள்ளி, பிட்டு முனை வெளிய வந்து எட்டிப் பாத்துச்சு. விரல் தப்புனதுக்கு ஜலகண்டேஸ்வரருக்கு தேங்கா ஒடைச்சேன், இது சும்மா சொல்லல.

ஆச்சாரிகிட்ட காட்டுனேன். "சட்டைய தெச்சிட்டு அப்புறமா அளவு எடுப்பியா நீ?" அவ்ளோ தான் சொன்னாரு.

ஒரு பைப்புல வேலை செய்யறது அந்த ரெண்டு ஓட்டை தான். புகையிலைக்கு ஒரு பெரிய குழி, புகை வர்றதுக்கு ஒரு சின்ன வழி, அந்த சின்ன வழி பெரிய குழியோட அடில, நடுவுல போய் சேரணும். மேல சேர்ந்தா அடியில இருக்கற புகையிலை எரியாம ஈரமா தங்கும், கீழ எறங்குனா அடி மெலிஞ்சு தீஞ்சிடும், ஓரமா போனா ஒரு பக்கமா எரியும். வெளிய அது யானை மாதிரி இருந்தாலும் பூனை மாதிரி இருந்தாலும் புகைக்கு ஒண்ணும் தெரியாது. அதனால கட்டை சதுரமா, பக்கமெல்லாம் மட்டமா இருக்கும்போதே ஓட்டைய முடிச்சிடணும், வைஸுக்கும் பிடி கெடைக்கும், அளவு பாக்க நேர்க்கோடும் இருக்கும்.

மூணாவது கட்டைய நான் அறுக்கவே இல்ல மொதல்ல. ரெண்டு பக்கவாட்டுலயும் பென்சில்ல முழு பைப்பையும் வரைஞ்சேன், குழி எவ்ளோ ஆழம், வழி எங்க வருது, ரெண்டும் எங்க முட்டுது, எல்லாம். ஆச்சாரி பட்டறையில டிரில்ல ஸ்டாண்டுல மாட்டி வச்சிருந்தாரு, மேல இருந்து நேரா எறங்கும், கையில சாய வாய்ப்பில்ல. மொதல்ல தண்டு முனையில 8 மிமீ, 20 மிமீ ஆழம், இது வாய்த்தண்டோட மூக்கு சொருகுற எடம். மரத்துக்குன்னு வர்ற பிட்டு, நடுவுல கூரா ஒரு முள்ளு இருக்கும், அது குழி அடியில ஒரு புள்ளி வச்சிட்டுப் போகும். அந்த புள்ளில தான் 4 மிமீ பிட்டு உக்காந்து ஆரம்பிக்குது, இந்த தடவ அது எங்கயும் ஓடல. சாதாரண 4 மிமீ பிட்டு எட்டாது, நீள பிட்டு வேணும், லாங் பஜார்ல நாலு ஹார்டுவேர் கடை ஏறி எறங்கி கெடைச்சது.

அப்புறம் பெரிய குழி, 19 மிமீ. தட்டை பிட்டோட முனைய ஆச்சாரி கிரைண்டர்ல வச்சு எலுமிச்சங்கா அடி மாதிரி வளைவா தேச்சுக் குடுத்தாரு, அப்ப தான் குழி அடி மட்டமா இல்லாம கிண்ணம் மாதிரி வரும். ரெண்டு ரெண்டு மிமீயா, கடைசில ஒவ்வொரு மிமீயா எறக்கி, ஒவ்வொரு தடவையும் தூள ஊதிட்டு போன் டார்ச்ச அடிச்சுப் பாத்தேன். 35ல ஒண்ணும் தெரியல. 36லயும் இல்ல. 37ல அடிச்சுவர் ஓரமா நகக்கண் அளவுக்கு ஒரு கருப்புப் பிறை தெரிஞ்சது. தண்டு வழியா வாய வச்சு ஊதுனேன், குழில இருந்து தூள் எம் மூஞ்சில அடிச்சுது. இன்னும் ஒரே மிமீ. பிறை முழு வட்டம் ஆச்சு, குழியோட அடிக்கு சரியா உக்காந்துச்சு. எட்டு மாசத்துல எனக்கு நெஜமா சந்தோஷம் வந்த நிமிஷம் அது ஒண்ணு தான், தும்மல் வேற நிக்கல. சீமைக்கருவேலத் தூள் மூக்குல ஏறுனா எரியும், மாஸ்க் இல்லாம இத யாரும் செய்யாதீங்க.

செதுக்கறது இதுக்கப்புறம் சுலபம். வேண்டாத மூலைய ரம்பத்துல அறுத்து, நாலு பட்டைய எட்டுப் பட்டையாக்கி, எட்ட பதினாறாக்கி, அப்புறம் அரத்தால உருட்டு. சுவரு எங்கயும் 8 மிமீக்கு கீழ போகல, அடியிலயும் அதே தான், பெரியப்பாவோட பழைய பைப்புல இருந்த கருந்திட்டு ஞாபகத்துலயே இருந்துச்சி. அரத்தோட கோடு போக ஆச்சாரி ஒடைஞ்ச கண்ணாடித் துண்டு ஒண்ணு குடுத்தாரு, அத சாய்ச்சு சுரண்டுனா மரம் பட்டு நூல் மாதிரி சுருண்டு வருது, உப்புத்தாள்ல ஒரு மணி நேரம் தேய்க்கறத அது பத்து நிமிஷத்துல முடிக்குது.

வாய்த்தண்டு எபனைட். ரப்பர்ல கந்தகத்த நெறைய சேத்து சூடு பண்ணி கெட்டியாக்குனது, ராஜமுந்திரி ரத்னம் பேனா கூட அதுல தான் கடையறாங்க. அரத்த வச்சா தீபாவளி மறுநாள் தெருவுல வர்ற வாசம் வரும். அச்சுல வார்த்த தண்டு ஆன்லைன்ல வாங்குனேன், மூக்கு 8.6 மிமீ இருந்துச்சி, டிரில்லுல மாட்டி சுத்த விட்டு உப்புத்தாளால 8க்கு கொண்டாந்தேன், கெட்டியா சொருகுனா உக்காரணும், திருகுனா வரணும், அவ்ளோ தான். லேசா வளைக்கணுமே, அதுக்கு வேர்க்கடலை வறுக்குற மணல்! வாணல்ல மணல சூடு பண்ணி, தண்டு ஓட்டைக்குள்ள கம்பி ஒண்ண விட்டு (இல்லாட்டி வளையும்போது ஓட்டை நசுங்கிடும்) மணலுக்குள்ள புதைச்சேன், ரெண்டு மூணு நிமிஷத்துல முறுக்கு மாவு மாதிரி எளகிடுச்சி. வளைச்சு பச்சைத் தண்ணில காட்டுனா அப்படியே நின்னுடும். வாணல திரும்ப சமையலுக்கு எடுக்க விடல, அது தனி கேஸு.

உப்புத்தாள் 120, 220, 320, 400, 600, இந்த வரிசையில, வாய்த்தண்ட மாட்டியே தேய்க்கணும், அப்ப தான் ரெண்டும் சேர்ற எடத்துல விரல வச்சா தடுக்காது. நடுவுல ஈரத்துணியால தொடைச்சு காயவிட்டா படுத்த நார் எல்லாம் எழுந்துக்கும், மறுபடி தேய்க்கணும். கலருக்கு ஆம்பூர்ல ஷூ வேலை செய்ற ஃப்ரெண்டு ஒரு சின்ன பாட்டில் தோல் சாயம் குடுத்தான், ஸ்பிரிட்ல கலந்தது. மேல்நாட்டுல பைப்பு செய்றவங்களும் இந்த மாதிரி தோல் சாயம் தான் போடறாங்க, நமக்கு அது பக்கத்து ஊர்லயே கெடைக்குது. ஒரு பூச்சு கரும்பழுப்பு, காஞ்சதும் 400ல தேச்சா மேல இருக்கறது போயி ரேகைக்குள்ள மட்டும் தங்கிடும், புலி வரி மாதிரி. வார்னிஷ் அடிக்கல, சூட்டுல பொங்கிடும். மொதல்ல ஜவ்வாது மலைத் தேன்மெழுகு தடவுனேன், வாசம் நல்லா தான் இருந்துச்சி, ஆனா அது 63 டிகிரிலயே உருகுது, சூடான பைப்ப பிடிச்சா கையில பிசுபிசுன்னு ஒட்டும். கார்னாபான்னு பிரேசில் பனை ஓலையில எடுக்கற மெழுகு 82க்கு மேல தான் உருகும், அத செதிலா வரவழைச்சு துணிச் சக்கரத்துல ஏத்தி பாலிஷ் போட்டேன். குழிக்கு உள்ள மட்டும் சாயமோ மெழுகோ கெடையாது, தயிர்ல மெடிக்கல் ஷாப் கரி மாத்திரையப் பொடிச்சுக் கொழைச்சு மெலிசா ஒரு பூச்சு, ஒரு வாரம் காயவிட்டேன். வெறும் மரத்துல நேரா நெருப்பு படாம இருக்கத்தான் அது, கொஞ்ச நாள்ல அதுமேல கரி தானாவே படியும்.

ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை. பெரியப்பா வாங்கி, மொதல்ல மூக்கு கிட்ட வச்சு பாத்தாரு, அப்புறம் குழில விரல விட்டு சுவர தடவுனாரு. பாதி அளவு தான் புகையிலை போட்டாரு, புது பைப்புக்கு அது தான் முறையாம். பத்த வச்சாரு. நாலு இழுப்பு. அஞ்சாவதுல 'களக் களக்'னு ஹுக்கா மாதிரி சத்தம். பத்தாவதுல கசப்புத் தண்ணி அவர் நாக்குலயே வந்துடுச்சி. துப்பிட்டு, "நாயனம் நல்லா வாசிக்குதுடா"ன்னாரு. பெரியம்மா சிரிச்ச சிரிப்பு கணியம்பாடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு எடுத்துனு வந்து ரெண்டு நாள் யோசிச்சேன். மரம் ஈரமா? 146 கிராம்ல மூணு வாரம் நின்ன கட்டை, அது இல்ல. வழி அடைப்பா? கம்பி சரளமா போச்சு. அப்புறம் தான் ஒரு ஈர்க்குச்சிய ஓட்டைக்குள்ள விட்டு ஆழத்த அளந்தேன். மரத்துல குழி 20 மிமீ, வாய்த்தண்டு மூக்கு நீளம் 16. உள்ள நாலு மிமீ காலி அறை, வெளிய இருந்து பாத்தா மூட்டு கச்சிதம், ஒண்ணுமே தெரியாது. 4 மிமீ வழில நேரா வர்ற சூடான புகை திடீர்னு 8 மிமீ அறைக்குள்ள வந்ததும் சுழண்டு, குளுந்து, அதுல இருக்கற ஈரம் அங்கயே தண்ணியா எறங்குது. எரியறப்ப புகையிலைலருந்து ஈரம் வரத்தான் செய்யும், அது தேங்க நானே ஒரு தொட்டி கட்டிக் குடுத்திருக்கேன். 20 மிமீ போட்ட அன்னிக்கு "கொஞ்சம் ஆழமா இருந்தா நல்லது தானே"ன்னு நெனச்சது நல்லா ஞாபகம் இருக்கு.

மூக்க நீட்ட முடியாது, மரத்தக் குறைக்கலாம். கண்ணாடி மேல உப்புத்தாள ஒட்டி, தண்டு முனைய நிமிர்த்திப் பிடிச்சு எட்டு மாதிரி சுத்திச் சுத்தித் தேச்சேன், மூணரை மிமீ. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சாலும் மூட்டுல வெளிச்சம் தெரியும், டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சு பாத்துப் பாத்து தேய்ச்சதுல ஒரு சாயந்திரம் பூரா போச்சு. அரை மிமீ வேணும்னே விட்டேன், சூட்டுல மூக்கு நீண்டா முட்டி மரத்தப் பொளக்கக் கூடாது. அப்புறம் மூட்டுகிட்ட மறுபடி சாயம், மறுபடி மெழுகு.

அடுத்த ஞாயித்துக்கிழமை சத்தம் இல்ல. பெரியப்பா முடிச்சிட்டு, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்டேஷனரி கடையில விக்கிற பஞ்சு சுத்துன ரோஸ் கலர் கம்பி ஒண்ண (பைப்பு தொடைக்கன்னு தனியா விக்கிற கம்பி இங்க கெடைக்கல, இது நைலான் மாதிரி, ஈரத்த சரியா உறிஞ்சாது தான்) வாய்ப்பக்கமா விட்டாரு. தடுக்காம நேரா குழி அடி வரைக்கும் போச்சு. வெளிய எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நுனில லேசா பழுப்பு, அவ்ளோ தான்.

"சீமைக்கருவேலமாடா இது?"ன்னு மூணாவது தடவையா கேட்டாரு.

போன வாரம் போயிருந்தேன். புது தண்டுல ரெண்டு பல்லுத்தடம் விழுந்திருக்கு. டேப்ப பெரியம்மா எங்கயோ ஒளிச்சு வச்சிட்டாங்களாம்.